மண் ரோட்டுக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்வென்ச்சர் பைக் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்து என்ன கேட்பார் என்பது இப்போதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ரைடு முடிந்து டீ குடிக்கும் இடத்தில், கல்யாண வீட்டில், சர்வீஸ் சென்டர் வாசலில், எங்கே போனாலும் அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். மிட்-சைஸ், அதாவது நடுத்தர அளவு என்று இந்தியாவில் தேடப்படுகிற 200 முதல் 450 சிசி வரையிலான வண்டிகளைப் பற்றித்தான் பேச்சு. ஷோரூம் விலை எதையும் எழுதவில்லை, அது அடிக்கடி மாறுகிறது.

டூயல் ஸ்போர்ட், அட்வென்ச்சர், ஸ்க்ராம்ப்ளர்... எல்லாம் ஒண்ணுதானே அண்ணா?

இல்லை. டூயல் ஸ்போர்ட் என்பது அடிப்படையில் மண்ணில் ஓட்டுகிற வண்டி. ரோட்டில் போவதற்காக அதற்கு லைட்டும் நம்பர் பிளேட்டும் மாட்டியிருப்பார்கள். கவாஸாகி கேஎல்எக்ஸ் 230, கேடிஎம் 390 எண்டுரோ ஆர் இரண்டும் இந்த ரகம். அட்வென்ச்சர் என்றால் தொலைதூரம் போகிற வண்டி, வழியில் மண் ரோடு வந்தாலும் தாங்கும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர், சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 எல்லாம் அதில் வரும்.

ஸ்க்ராம்ப்ளர் பாதி அழகுக்கு, பாதி வேலைக்கு. டிரையம்ப் ஸ்க்ராம்ப்ளர் 400 எக்ஸ் நல்ல வண்டிதான், தோட்டத்து மண் பாதையில் தாராளமாகப் போகும். ஆனால் சஸ்பென்ஷன் டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம், 150 மில்லிமீட்டர்தான், பாறைகளில் ஏற்ற அது போதாது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் டூயல் ஸ்போர்ட்டுக்கும் அட்வென்ச்சருக்கும் நடுவில் நிற்கிறது. அதன் பலமும் பலவீனமும் அதுதான்.

மிட்-சைஸ்னா எத்தனை சிசி?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிட்-சைஸ் என்றால் 650 முதல் 900 சிசி வரை நினைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் 400, 450 சிசியைத்தான் அப்படிச் சொல்கிறோம். 200, 250 சிசி வண்டிகளையும் இதில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 450 வாங்க வந்தவர்களில் பலருக்கு அவைதான் சரியான வண்டி.

ப்ரோ, ஹிமாலயனா கேடிஎம்மா? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரி என்றால் இதுதான்: மூட்டை முடிச்சோடு நாலு நாள் போகிறவருக்கு ஹிமாலயன் 450, தனியாக விரட்டி ஓட்டுகிறவருக்கு 390 அட்வென்ச்சர்.

இப்போது விளக்கம். ஹிமாலயனின் 452 சிசி இன்ஜின் 40 பிஎஸ் பவரும் 40 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (இழுவை) தருகிறது. 2025-இல் வந்த புது 390 அட்வென்ச்சரின் 399 சிசி இன்ஜின் தருவது 46 பிஎஸ், 39 நியூட்டன் மீட்டர். டார்க் கிட்டத்தட்ட ஒன்றுதான், வரும் இடம் வேறு. ஹிமாலயனில் உச்ச டார்க் 5,500 ஆர்பிஎம்மில் கிடைத்துவிடும், கேடிஎம்மில் அதற்கு 6,500 வேண்டும். கற்கள் நிறைந்த ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக ஊர்ந்து போகும்போது ஹிமாலயன் பொறுமையாக இழுக்கும். கேடிஎம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லும், கிளட்ச்சில் விரல் ஓயாது. அதே கேடிஎம்மைக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே மேலே போவீர்கள்.

கேடிஎம்மில் இரண்டு வகை இருப்பதையும் கவனியுங்கள். ‘எக்ஸ்’ சேர்ந்த விலை குறைந்த வகையில் 19 இன்ச் முன் சக்கரம், அலாய் வீல், சரிசெய்ய முடியாத சஸ்பென்ஷன். விலை கூடியதில் 21 இன்ச் ஸ்போக் வீல், சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷன். பெயரைப் பார்த்து ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

எக்ஸ்பல்ஸ் வெறும் 200 சிசிதானே, அதை ஏன் எல்லாரும் புகழறாங்க?

மண்ணில் சிசி பெரிய விஷயமில்லை என்பதால். எக்ஸ்பல்ஸ் 200 4வி தருவது 19 பிஎஸ் சொச்சம். ஆனால் எடை 159 கிலோதான், முன்னால் 21 இன்ச் சக்கரம், பின்னால் 18 இன்ச். விழுந்தால் உடையக்கூடிய பாகங்கள் குறைவு, உடைந்தாலும் உதிரி பாகம் மலிவு, சின்ன ஊரிலும் மெக்கானிக் கை வைப்பார். புதிதாகப் பழகுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210-இல் லிக்விட் கூலிங், ஆறு கியர், 24.6 பிஎஸ் என்று முன்னேற்றம் இருக்கிறது. சஸ்பென்ஷன் டிராவலும் முன்னால் 210, பின்னால் 205 மில்லிமீட்டர். 200-இன் பெரிய குறை நெடுஞ்சாலையில் மூச்சு வாங்குவது. 210 அதை முழுதாகத் தீர்க்கவில்லை, பாதி தீர்த்திருக்கிறது.

எனக்கு உயரம் 5 அடி 5 அங்குலம். கால் எட்டுமா சார்?

சீட் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹிமாலயன் 450-இல் 825, 845 மில்லிமீட்டர் என இரண்டு உயரம் வைக்கலாம், இன்னும் தாழ்வான சீட்டும் தனியாகக் கிடைக்கும். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 835. எக்ஸ்பல்ஸ் 200 4வி 825. ஆனால் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும், ஒல்லியாக இருந்தால் அதே உயரத்திலும் எட்டும். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் கணக்கில் சேரும். ஷோரூமில் ஷூவோடு உட்கார்ந்து பாருங்கள், வேறு வழியில்லை.

இரண்டு காலும் முழுதாகப் பதிய வேண்டும் என்ற அவசியமில்லை. இடுப்பை ஒரு பக்கம் சற்று நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்றப் பழகினால் 5 அடி 5 தாராளம். ஆனால் கேஎல்எக்ஸ் 230-இன் 880, எண்டுரோ ஆரின் 860, எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோவின் 891 ஆகியவை வேறு கதை. அவற்றில் சரிவான இடத்தில் நின்றால் கால் வைக்கத் தரையைத் தேட வேண்டியிருக்கும். பின் சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்க்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தலாம் என்பார்கள். தாழ்த்தினால் வண்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியான கிளியரன்ஸ் குறையும், சைடு ஸ்டாண்டையும் வெட்ட வேண்டி வரும். உயரமான வண்டியை வாங்கி அதன் உயரத்தைப் பிடுங்குவதற்கு, ஆரம்பத்திலேயே தாழ்வான வண்டி வாங்கலாம்.

முன் வீல் 21 இன்ச்தான் வேணுமா, 19 போதாதா?

பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் அதன் மேலேயே உருண்டு போகும், கல்லில் முட்டினாலும் ஏறிவிடும். அதனால் மண் வண்டிகளுக்கு 21. ஆனால் தார் ரோட்டில் வளைவுகளில் வண்டியைச் சாய்க்கக் கொஞ்சம் கூடுதல் முயற்சி வேண்டும். டயரும் ஒல்லி, அவசர பிரேக்கில் பிடிமானம் அதற்கேற்ற அளவுதான். வி-ஸ்ட்ராம், அப்பாச்சி ஆர்டிஎக்ஸ், 390 அட்வென்ச்சர் எக்ஸ் மூன்றும் 19 இன்ச்சில் நிற்பதற்குக் காரணம், அவை முதலில் ரோட்டு வண்டிகள் என்பதே.

உங்கள் பயணத்தில் பத்தில் எட்டு பங்கு தார் ரோடு, மீதி ஊராட்சி ஒன்றியச் சாலையும் குவாரி பாதையும்தான் என்றால் 19 போதும். நான் பார்த்த வரையில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். ஆனால் 21 இன்ச்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களும் அவர்கள்தான்.

பின் சக்கரத்தை யாரும் கேட்பதே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் 18 இன்ச் இருந்தால் கட்டை டயர்களில், அதாவது கட்டை கட்டையாகத் துருத்திய மண் டயர்களில், தேர்வு அதிகம். 17 இன்ச் என்றால் ரோட்டு டயர்கள் நிறைய, மண் டயர்கள் குறைவு.

ஸ்போக் வீலா, அலாயா? பஞ்சர் ஆனா என்ன பண்றது?

கல்லில் ஓங்கி மோதினால் ஸ்போக் வீல் நெளியும், தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். அலாய் விரிசல் விட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆனால் சாதாரண ஸ்போக் வீலுக்கு டியூப் வேண்டும். அலாயில் டியூப்லெஸ் என்பதால் ஆணி ஏறினாலும் பத்து நிமிடத்தில் திரி சொருகிக் கிளம்பிவிடலாம்.

நம் ஊரில் பஞ்சர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 21 இன்ச் டியூப் எல்லாக் கடையிலும் இருக்காது. அதனால் டியூப் வண்டிக்காரர்கள் ஒரு 21 இன்ச் டியூப், இரண்டு டயர் லீவர், சின்ன பம்பு கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அந்த 21 இன்ச் டியூபையே பின் சக்கரத்தில் திணித்து அடுத்த ஊர் வரை ஓட்டலாம். ஹிமாலயன் 450-க்கு டியூப்லெஸ் ஸ்போக் வீல் விருப்பத் தேர்வாக 2024-இல் வந்தது. காசு இடம் கொடுத்தால் அதை எடுத்துவிடுங்கள். சீட் கவர், ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏபிஎஸ்ஸை எதுக்கு ஆஃப் பண்ணணும்? அது பாதுகாப்புக்குத்தானே?

தார் ரோட்டில் ஒருபோதும் ஆஃப் பண்ணாதீர்கள். சரளைக் கல், உதிரி மண், இறக்கம் மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டும் கதை மாறுகிறது. சக்கரம் அங்கே லேசாகப் பூட்டினால்தான் முன்னால் மண் குவிந்து வேகம் குறையும். ஏபிஎஸ் பூட்டவே விடாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும்.

ஹிமாலயன் 450-இல் பின் ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்கலாம், முன்னால் எப்போதும் இருக்கும். பெரும்பாலோருக்கு அதுவே போதும், பாதுகாப்பும்கூட. கேடிஎம்மின் ஆஃப்ரோடு மோடும் பின் ஏபிஎஸ்ஸை விட்டுவிடும். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் அணைக்கும் வசதியே இல்லை. மண்ணைப் பற்றி அந்த வண்டி என்ன நினைக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டால் ஏபிஎஸ் தானாகத் திரும்ப வந்துவிடும். டீ குடித்துவிட்டு இறக்கத்தில் இறங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் அதிகமா இருந்தா போதும்தானே? சஸ்பென்ஷன் டிராவல்னு என்னமோ சொல்றாங்களே...

கிளியரன்ஸ் என்பது வண்டி நிற்கும்போது அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. டிராவல் என்பது ஓடும்போது சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் நகர முடியும் என்பது. கிளியரன்ஸ் 230 இருந்தும் டிராவல் குறைவாக இருந்தால், பள்ளத்தில் இறங்கியதும் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கி அடிப்பகுதி கல்லில் இடிக்கும். ஹிமாலயன் 450-இல் இரண்டு பக்கமும் 200 மில்லிமீட்டர் டிராவல், 230 கிளியரன்ஸ்.

அதைவிட முக்கியம் உங்கள் எடைக்கு ஏற்றபடி பின் ஸ்பிரிங்கை வைப்பது. நீங்கள் ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் போட்டு உட்கார்ந்ததும் மொத்த டிராவலில் சுமார் 30 சதவீதம் அமுங்க வேண்டும். அதாவது 200 மில்லிமீட்டருக்கு 60. நண்பர் ஒருவரும் ஒரு அளவு டேப்பும் இருந்தால் பத்து நிமிட வேலை. செலவே இல்லாத இந்த வேலையைச் செய்யாமல் விலை கூடிய ஷாக் அப்சார்பரைத் தேடிப் போகிறவர்கள் நிறைய.

வெயிட் அவ்வளவு முக்கியமா? பவர் இருந்தா சமாளிக்கலாம் இல்ல?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மண்ணில் ஓட்டினால் விழுவீர்கள். எல்லோரும் விழுகிறார்கள், மெதுவாகப் போகும்போதுதான் அதிகம் விழுகிறார்கள். ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதை நான் தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா, மதிய வெயிலில், மூன்றாவது தடவையாக?’ என்பதுதான். கேஎல்எக்ஸ் 139 கிலோ, எக்ஸ்பல்ஸ் 200 4வி 159, வி-ஸ்ட்ராம் 167, அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 180, 390 அட்வென்ச்சர் சுமார் 183, ஹிமாலயன் 450 196. இதில் ஹிமாலயனுக்கு இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, மேலே டென்ட் கட்டினால் 220-ஐத் தாண்டிவிடும்.

பவர் வேகத்தைத் தரும், சமநிலையைத் தராது. தேரிச் செம்மணல் மேட்டிலோ ஏரிக்கரைச் சேற்றிலோ முன் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது உங்கள் உடம்புதான், இன்ஜின் இல்லை.

தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு. வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்து, முதல் கியரில் போட்டுவிடுங்கள், நிமிர்த்தும்போது மறுபக்கம் சாய்ந்துவிடாது. ஹேண்டிலைத் தரைப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில் பிடி, இன்னொரு கையில் பின் கம்பி. முதுகை நேராக வைத்துக் காலால் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். டெஸ்ட் ரைடு போனால் இதைச் செய்து பார்க்க யாரும் விடமாட்டார்கள். அதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள், புல்தரையில் மெத்தென்று சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். வாங்குவதற்கு முன் இதைவிட உருப்படியான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

சென்னையிலிருந்து மதுரை அடிக்கடி போவேன். ஹைவேல 200 சிசி போதுமா?

போகும், ஆனால் நீங்கள் ரசிக்க மாட்டீர்கள். எக்ஸ்பல்ஸ் 200 மணிக்கு 80, 85-இல் நிம்மதியாக ஓடும். அதற்கு மேல் அதிர்வு கூடும், முந்துவதற்கு முன்னேற்பாடு வேண்டும். பின்னால் ஆம்னி பஸ் வந்து ஹாரன் அடிக்கும்போது இன்னும் கொஞ்சம் பவர் இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

மாதத்துக்கு இரண்டு முறை நான்கு வழிச்சாலையில் 400 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர் 300 சிசிக்குக் கீழே பார்க்க வேண்டாம். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் ஒரு விதிவிலக்கு. 26.5 பிஎஸ்தான், ஆனால் உட்காரும் விதம் சொகுசு, இன்ஜினும் மிருதுவானது, 100-இல் அலுப்பில்லாமல் போகும்.

வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போகணும் சார்...

அப்படியானால் பாதி வண்டிகள் பட்டியலிலிருந்து தானாகக் கழன்றுவிடும். கேஎல்எக்ஸ், எண்டுரோ ஆர் இரண்டையும் மறந்துவிடுங்கள். எக்ஸ்பல்ஸில் இரண்டு பேர் உட்கார்ந்து மலை ஏறினால் இரண்டாவது கியரிலேயே பாதி மலை முடிந்துவிடும். ஹிமாலயன் 450, வி-ஸ்ட்ராம், அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் மூன்றையும் காட்டி, பின்னால் உட்காரப் போகிறவரையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முடிவை அவரிடமே விடுவது நல்லது.

மைலேஜ் எவ்வளவு தரும்?

மைலேஜை விட ஒரு டேங்குக்கு எவ்வளவு தூரம் என்பதைப் பாருங்கள். ஹிமாலயன் 450-இல் 17 லிட்டர். லிட்டருக்கு 28 என்று வைத்துக்கொண்டாலும் 450 கிலோமீட்டர் தாண்டும். 390 அட்வென்ச்சரில் 14.5 லிட்டர், எக்ஸ்பல்ஸில் 13, வி-ஸ்ட்ராமில் 12. எண்டுரோ ஆரில் 9 லிட்டர்தான், கேஎல்எக்ஸில் 7.6. கடைசி இரண்டும் 200 கிலோமீட்டருக்குள் பங்க்கைத் தேட வைக்கும். தமிழ்நாட்டுக்குள் அது பிரச்சினையே இல்லை. லடாக், ஸ்பிதி என்று கிளம்பினால் கேன் கட்டிக்கொள்ள வேண்டும்.

350 சிசிக்கு மேல விலை ஏறிடுச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

வரி ஏறியது உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350-க்கு மேல் செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 ஆனது. எக்ஸ்பல்ஸ், வி-ஸ்ட்ராம், 334 சிசி யெஸ்டி அட்வென்ச்சர், அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஹிமாலயன் 450-உம் 399 சிசி கேடிஎம்களும் அந்தப் பக்கம்.

தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வாகனத்துக்கு ஆயுள்கால வரி 12 சதவீதம். அதனால் ஷோரூம் விலையைக் கேட்டுவிட்டு மனக்கணக்கு போடாதீர்கள், ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள். அதன்மேல் ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கார்டு, ஜாக்கெட்டுக்கும் ஒதுக்குங்கள். அந்தப் பணம் போதவில்லை என்றால் ஒரு படி குறைந்த வண்டியை எடுங்கள், இந்தப் பாதுகாப்புச் சாமான்களில் குறைக்காதீர்கள்.

டயர் மட்டும் மாத்தினா ஆஃப்ரோடு வண்டி ஆயிடுமா?

ஓரளவுக்கு ஆகும். கம்பெனியிலிருந்து வரும் டயர்கள் இரண்டுக்கும் பொதுவானவை. காய்ந்த செம்மண்ணில் போதும், களிமண் சேற்றில் இடுக்குகள் அடைபட்டு வழுவழுவென்று ஆகிவிடும். கட்டை டயர் போட்டால் சேற்றில் பிடிக்கும், ஆனால் மழை பெய்த தார் ரோட்டில் கவனம் தேவை, தேய்மானமும் வேகம்.

டயர் மாற்றுவதற்கு முன் காற்றைக் குறைத்துப் பாருங்கள். கையேட்டில் ரோட்டுக்குச் சொல்லியிருக்கும் அளவிலிருந்து இறக்கி 20, 22 பிஎஸ்ஐ வைத்தால் டயர் அகலமாகப் பதிந்து நன்றாகப் பிடிக்கும். அதற்குக் கீழே போனால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிப் பஞ்சராகும். ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்ற வேண்டும், மேலே சொன்ன சின்ன பம்பு இதற்கும் உதவும்.

செகண்ட் ஹேண்ட்ல பழைய ஹிமாலயன் 411 வருது. எடுக்கலாமா?

அவசரமே இல்லாத மனிதர் என்றால் எடுக்கலாம். 2016-இல் வந்த வண்டி, 24 சொச்சம் பிஎஸ், ஐந்து கியர், எடை 199 கிலோ. ஹைவேயில் 100-ஐத் தாண்டினால் முனகும். ஆனால் குறைந்த வேகத்தில் அதன் இன்ஜின் இழுக்கும் விதம் எனக்கு 450-ஐ விடப் பிடிக்கும், டிராக்டர் மாதிரி டொக்கு டொக்கென்று ஏறிக்கொண்டே இருக்கும். சீட் உயரமும் 800 மில்லிமீட்டர்தான்.

ஆரம்ப கால வண்டிகளைத் தவிர்த்து பிஎஸ் 6 (புகை கட்டுப்பாட்டு விதி, பவரைச் சொல்லும் பிஎஸ் இல்லை) வண்டியாகப் பாருங்கள், பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதியும் அதில் கிடைக்கும். ஸ்டீயரிங் பேரிங், ஸ்போக்குகளின் இறுக்கம், அடியில் உள்ள பாதுகாப்புத் தகட்டின் அடி, மூன்றையும் சோதியுங்கள். தகட்டில் கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம். தகடு புத்தம் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

டக்கர் ராலியில ஹீரோ ரெண்டாவது வந்துச்சே, அது எக்ஸ்பல்ஸ்தானே?

இல்லை. பாலைவனத்தில் பல நாள் நடக்கும் டக்கர் பந்தயத்தில், 2024-இல் போட்ஸ்வானாவின் ராஸ் பிராஞ்ச் இரண்டாவது இடம் பிடித்தது ஹீரோவின் 450 ராலி வண்டியில். அது போட்டிக்கென்றே கட்டிய வண்டி, ஷோரூமில் கிடைக்காது. அதே ஆண்டு கேரளத்தின் ஹரித் நோவா ராலி 2 என்ற அடுத்த நிலைப் பிரிவில் முதலிடம் பிடித்தார், அதுவும் பிரான்சின் ஷெர்கோ கம்பெனியோடு டிவிஎஸ் சேர்ந்து நடத்தும் ஷெர்கோ டிவிஎஸ் அணியின் போட்டி வண்டி. அதைப் பார்த்து டிவிஎஸ் ஷோரூமுக்குப் போய் ஷெர்கோ கேட்டால் சிரிப்பார்கள்.

காட்டுக்குள்ள ஓட்டலாமா? வீடியோல எல்லாரும் ஓட்டுறாங்களே!

கூடாது. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், பைக்கோடு நுழைந்தால் வண்டியும் போகும். தூத்துக்குடிப் பக்கத்துக் குதிரைமொழித் தேரி பார்க்க வெறும் செம்மணல் மேடுதான், ஆனால் அதுவும் வனத்துறைக்கு உட்பட்டது. முதுமலை–பந்திப்பூர் சாலையிலும் திம்பம் பாதையிலும் இரவு நேரத் தடை உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது.

பழகுவதற்கு இதெல்லாம் தேவையில்லை. தெரிந்தவரின் தரிசு நிலம், உரிமையாளர் அனுமதித்த பழைய குவாரி, கிராமத்துச் செம்மண் சாலை போதும். விளைச்சல் உள்ள வயல் வரப்பிலும், கோடையில் வறண்டு கிடந்தாலும் மீன் பாசி குத்தகைக்கு விட்ட ஏரியிலும் இறங்காதீர்கள். நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அடுத்து வருகிறவர்தான் திட்டு வாங்குவார்.

மழைக்காலத்துல ரோட்டுல தண்ணி நிக்குது. அட்வென்ச்சர் பைக்னா போயிடலாமா?

ஆழம் தெரியாத தண்ணீரில் எந்த வண்டியும் வேண்டாம். சக்கர அச்சு வரைக்கும் என்றால் முதல் கியரில் ஒரே சீரான வேகத்தில், பாதியில் கியர் மாற்றாமல் போய்விடலாம். காற்று உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்று உங்கள் வண்டியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதைத் தொட்டால் இன்ஜினுக்குள் போய்விடும்.

நடுவில் அணைந்துவிட்டால் செல்ஃபை அழுத்தாதீர்கள். தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு கரையேறுங்கள், ஏர் ஃபில்டர் ஈரமா என்று பாருங்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வாங்கினதும் என்னென்ன மாட்டணும்?

கை கார்டு, இன்ஜின் அடித் தகடு, கிராஷ் கார்டு. இந்த மூன்றோடு நிறுத்துங்கள். முதல் ஆறு மாதம் ஓட்டிவிட்டு எது உறுத்துகிறதோ அதை மாற்றுங்கள். இரும்புப் பெட்டிகளையும் நான்கு ஃபாக் லைட்டையும் மாட்டி 15 கிலோ ஏற்றிவிட்டு வண்டி கனமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு, வெயிட் பற்றிய பதிலை மறுபடி படிக்கச் சொல்கிறேன்.

இதெல்லாம் ஓட்டத் தனியா கத்துக்கணுமா? பதினெட்டு வயசுலேருந்து பைக் ஓட்டுறேனே!

கற்றுக்கொண்டால் நல்லது. நின்றுகொண்டு ஓட்டுவது, முழங்காலால் டேங்கைப் பிடிப்பது, மண்ணில் முன் பிரேக்கை ஒரு விரலால் அளந்து பிடிப்பது, இவையெல்லாம் ரோட்டில் எத்தனை வருடம் ஓட்டினாலும் தானாக வராது. 2015-இல் டக்கரை முடித்த முதல் இந்தியர் சி.எஸ்.சந்தோஷ் நிறுவிய பிக்ராக் டர்ட்பார்க் கோலார் பக்கம் இருக்கிறது, அங்கே பயிற்சி தருகிறார்கள். அந்த மாதிரி இடங்களில் அவர்கள் வண்டியிலேயே விழுந்து பழகலாம். எந்த வண்டி உங்களுக்கு ஒத்துவரும் என்பதும் இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

அப்போ ரோட்டுக்கு ஒண்ணு, மண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வண்டி வாங்கினா என்ன?

நிறுத்த இடமும் வீட்டில் சம்மதமும் இருந்தால் அதுவே சிறந்த வழி. புது ஹிமாலயனுக்கோ 390-க்கோ ஆகும் பணத்தில், ஒரு பழைய எக்ஸ்பல்ஸும் நல்ல நிலையில் உள்ள ஒரு ரோட்டு பைக்கும் பல சமயம் வாங்கிவிடலாம். ஏற்கெனவே ரோட்டு வண்டி ஒன்று வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு அட்வென்ச்சருக்கு மாறுவதைவிட, அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு 200-ஐச் சேர்ப்பது மலிவு.

இரண்டுக்கும் தனித்தனி இன்சூரன்ஸ், தனித்தனி சர்வீஸ், இரண்டு பேட்டரி என்பதைக் கணக்கில் வையுங்கள். மண் வண்டியை மூன்று வாரம் தொடாமல் நிறுத்தினால் செயின் துருப்பிடிக்கும். கழுவிய அன்றே, செயின் காய்ந்ததும், எண்ணெய் போட்டுவிடுங்கள்.